அகஸ்டஸ் டாப்லேடி

அகஸ்டஸ் மான்டேகு டாப்லேடி (நவம்பர் 4, 1740 – ஆகஸ்ட் 11, 1778) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவும் கிறித்தவப் பாடலாசிரியரும் ஆவார். மீட்பு இறைவனின் அருளால் மட்டுமே கிடைக்கிறது, மனித முயற்சிக்கு அதில் பங்கில்லை என்னும் கால்வினியக் கொள்கைக்காக வாதிட்டவர். "ராக் ஆஃப் ஏஜஸ்" என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடலை இயற்றியவர் இவரே. தமிழ்த் திருச்சபைகளில் இப்பாடல் "பிளவுண்ட மலையே" எனப் பாடப்படுகிறது.

வாழ்க்கை

டாப்லேடி சர்ரே மாவட்டத்திலுள்ள பார்ன்ஹாமில் பிறந்தார். படை அதிகாரியான தந்தை 1741 இல் போர்ப் பயணத்தில் இறந்ததால் தாயால் வளர்க்கப்பட்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் கல்வி கற்றார். அயர்லாந்தில் ஒரு களஞ்சியத்தில் கேட்ட பிரசங்கம் இவரைச் சமய வாழ்வுக்குத் திருப்பியது. 1764 இல் குருப்பட்டம் பெற்றார். 1768 முதல் இறக்கும்வரை டெவன் மாவட்டத்தின் பிராட்ஹெம்பரி ஊர்க் குருவாக இருந்தார். காசநோய் காரணமாக 1775 இல் லண்டன் சென்று, அங்கு ஆரஞ்சுத் தெரு ஆலயத்தில் பிரசங்கித்து வந்தார்.

வெஸ்லியுடன் கருத்துமோதல்

மீட்கப்படுவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொண்டார் என்பது டாப்லேடியின் நிலைப்பாடு. அருள் அனைவருக்கும் உரியது, அதை ஏற்பதும் மறுப்பதும் மனிதர் கையில் உள்ளது என்றார் மெதடிச இயக்க முன்னோடி ஜான் வெஸ்லி. முன்குறித்தல் குறித்த சான்கியுசின் இலத்தீன் நூலை டாப்லேடி 1769 இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். வெஸ்லி அதைச் சுருக்கி, டாப்லேடியின் பெயரெழுத்துகளுடனேயே 1770 இல் வெளியிட்டதால் பூசல் முற்றியது. இருதரப்பிலும் கடுஞ்சொற்கள் மிகுந்தன. டாப்லேடி தம் கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்று 1778 இல் வதந்தி பரவியது. நோயுற்ற நிலையிலும் அவ்வாண்டு ஜூனில் பிரசங்க மேடை ஏறி, அதை நேரில் மறுத்தார். இரண்டு மாதங்களுக்குள், 37 ஆம் வயதில் காலமானார்.

பாடலின் பின்னணி

புயலின்போது பரிங்டன் கூம் பாறைப் பிளவில் ஒதுங்கிய டாப்லேடி இப்பாடலை எழுதினார் என்று வழங்கும் கதைக்கு அவர் காலத்துச் சான்று இல்லை. முழுப் பாடலும் அவர் ஆசிரியராயிருந்த "காஸ்பல் மேகசின்" இதழில் 1776 மார்ச்சில், நாட்டின் கடனைப் பற்றிய கட்டுரையுடன் வெளிவந்தது. மனிதன் நொடிக்கு ஒரு பாவம் செய்வதாகக் கொண்டால் 80 ஆண்டுகளில் அவை 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என அக்கட்டுரை கணக்கிடுகிறது. இக்கடனை மனிதனால் தீர்க்க இயலாது என்பதே கட்டுரையின் முடிவு. பாடலின் கருத்தும் அதுவே. வாதத்திற்கிடையே பிறந்த இப்பாடல் பின்னர் மெதடிசப் பாடல் நூல்களிலும் இடம்பெற்றது.