குதிரைக்கும் ஒரு பரீட்சை

வேகத்தினாலன்றிச் செம்மையினால் வெல்லப்படும் குதிரைப் போட்டியும் ஒன்று உண்டு. அதன் பெயர் டிரசாஜ். பயிற்றுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. குதிரை எவ்வளவு நன்றாகப் பயிற்றப்பட்டுள்ளது என்பதையே இப்போட்டி ஆராய்கின்றது.

பரீட்சைக் களம் 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுங் கொண்ட நீள்சதுரமாகும். தொடக்க நிலையினர்க்கு 40 மீற்றர் நீளமுள்ள சிறிய களமும் உண்டு. களத்தின் ஓரங்களில் ஆங்கில எழுத்துக்கள் நாட்டப்பட்டிருக்கும். ‘ஏ’ என்னும் எழுத்தருகே குதிரையேறி உள்ளே நுழைவார்; நேரெதிரே ‘சீ’ என்னுமிடத்தில் நடுவர் அமர்ந்திருப்பார். நடுக்கோட்டின்வழி நேராக வந்து, அசையாது நின்று, நடுவரை வணங்க வேண்டும். அதற்கே முதற்புள்ளி வழங்கப்படும்.

எந்த எழுத்தருகே எதைச் செய்வது என்பது முன்னரே அச்சிற் கொடுக்கப்பட்டிருக்கும். வினாத்தாள் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்ட பரீட்சை என்று இதனைக் கூறலாம்; கடினமெல்லாம் விடையிலேதான். நான்கு தாளத்தில் நடை, இரண்டு தாளத்தில் துள்ளோட்டம், மூன்று தாளத்தில் பாய்ச்சல் என்பன அடிப்படை. இவை தாளம் பிசகாது அமைதல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதலும் குறித்த இடத்திலேயே நிகழ்தல் வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 10 வரை புள்ளியிடுவர். செய்யாது விட்டதற்கு 0; குறையின்றி மிகச் சிறந்ததற்கு 10. சில பகுதிகளின் புள்ளி இரட்டிக்கப்படும். மொத்தம் நூற்றுவீதமாகக் கணிக்கப்படும். புள்ளியின் அருகே நடுவரின் குறிப்பும் எழுதப்பட்டு, அத்தாள் போட்டியாளரிடமே சேர்க்கப்படும். ஆகவே, தோற்றவரும் அடுத்த பயிற்சிக்குரிய பாடத்தோடு வீடு திரும்புகின்றார்.

வாய்விட்டு ஏவினாற் புள்ளி குறையும். கடிவாளத்தின் மெல்லிய தொடுகை, கால்களின் அழுத்தம், உடற்பாரத்தின் சிறு மாற்றம் ஆகியவையே குதிரைக்கு விளங்கும் மொழி. அம்மொழி எத்துணை நுட்பமானது என்பதற்கு டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் சான்று. 1944இல் இளம்பிள்ளைவாதத்தினால் அவருடைய முழங்கால்களுக்குக் கீழ்ப்பகுதி செயலிழந்தது. குதிரைமீது ஏறுவதற்கும் பிறர் உதவி வேண்டியிருந்தது. அதுவரை இராணுவ அதிகாரிகளுக்கே உரியதாயிருந்த ஒலிம்பிக் டிரசாஜ், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிற் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அங்கே, ஆடவரோடு போட்டியிட்டு, ஜுபிலி என்னும் குதிரைமீது அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் ஸ்ரொக்ஹோமிலும் அதே பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கால்வலிமை பெரிதும் குன்றிய நிலையிலும் அவருடைய குறிப்பைக் குதிரை உணர்ந்து நடந்தது.

இப்பரீட்சையைக் காணும் வாய்ப்பு நேயர்களுக்குக் கிட்டுமாயின், குதிரையின் அடிகளோடு அதன் வாயையும் வாலையும் கவனியுங்கள். வாய் திறந்து போராடினாலோ, வாலைச் சினந்து சுழற்றினாலோ, எங்கோ வற்புறுத்தல் நேர்ந்துள்ளது என்று கொள்ளலாம். நடுவரும் அதனைக் கண்டு புள்ளியைக் குறைத்திருப்பார்.