சி மொழியும் வழுவமைதியும்

கணினிக்குக் கட்டளை எழுதும் கலை ஆங்கிலம் வல்லார்க்கே உரியது என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. தமிழிலக்கணம் பயின்றார்க்கு அக்கலை அந்நியமன்று என்பதைச் சி மொழியைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

அம்மொழி 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பட்டது. அவரும் பிரயன் கேர்னிகனும் 1978இல் வெளியிட்ட நூல், ஒரு வாழ்த்துரையைக் காட்டும் சிறு செய்நிரலையே முதற் பயிற்சியாக வைத்தது. கற்போர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகின்றனர்.

மலையிற் பறித்த கொழுந்து நேரே கோப்பைக்கு வருவதில்லை. வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்திய பின்னரே தேநீருக்கு உதவும். அவ்வாறே நாம் எழுதும் மூலநிரலும் கணினிக்கு நேரே விளங்காது. தொகுப்பான் என்னும் மென்பொருள் அதனைப் பொறிமொழியாக்கித் தருதல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிசிசி என்னும் தொகுப்பான் விலையின்றிக் கிடைக்கும். அதன் பெயரையடுத்து நம் கோப்பின் பெயரைத் தட்டெழுதினால் 'ஏ.அவுட்' என்றொரு புதிய கோப்புப் பிறக்கும். அப்பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு அழைத்தால் செய்நிரல் ஓடும். மூலத்தைத் திருத்திவிட்டு மீண்டும் தொகுக்க மறந்தால், ஓடுவது பழைய செய்நிரலே.

நன்னூலார் வழுவை எழுவகையாக வகுத்தார். தொகுப்பானும் வழுக் காண்பதில் வல்லது. கூற்றின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால் வரி எண்ணைச் சுட்டி மறுத்துவிடும். ஒரு பிழை பல பிழைச்செய்திகளை ஈனுமாதலின், முதலாவதைத் திருத்தி மீண்டும் தொகுத்தலே முறை. ஆங்கிலச் செய்தி கண்டு அஞ்சற்க. வரி எண்ணே பாதி விடையாகும்.

ஆயினும், 'ஐந்தும் மூன்றும் ஏழு' என்னும் தொடரில் இலக்கண வழு இல்லை; பொருளே பிழை. அத்தகைய பிழையைத் தொகுப்பான் அறியாது. 'வட்டவளை' என்னும் சொல்லின் நீளத்தைச் சி மொழியின் 'எஸ்டிஆர்லென்' என்னும் செயற்கூற்றிடம் கேட்டால், 21 என்று விடை வரும். நாம் எண்ணுவதோ ஐந்தெழுத்து. பொறி பொய் கூறவில்லை. யுனிகோட் முறையில் வ, ட, புள்ளி, ட, வ, ள, ஐகாரக்குறி என அச்சொல் ஏழு குறியீடுகளாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும். ஆகவே 21. புள்ளியையும் உயிர்க்குறியையும் விலக்கி எண்ணுமாறு கட்டளையிட்டால் ஐந்து வரும். அவ்வாறு கட்டளையிட, எழுத்து யாது என அறிந்தவன் வேண்டும். அவனே தமிழ் மாணவன்.

தோட்டப்புறப் பிள்ளைகள் பலர்க்கு அறிவு உண்டு, கருவி இல்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர், தம் வீட்டிற் பயனின்றிக் கிடக்கும் பழைய மடிக்கணினியொன்றை நல்குவராயின் அதுவே போதும். சி மொழி பயிலப் புதுப்பொறி வேண்டுவதில்லை.