இனிப்பு நீர் உள்ளவர்கள் சாக்லெட் சாப்பிடலாமா?



நீரிழிவு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கு என்றாலே, கேள்வி நேரத்தில் நேயர்கள் சோறு, சப்பாத்தி, பழம் என்று வரிசையாகக் கேட்பார்கள். சாக்லெட் பற்றிய கேள்வி மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வரும். "எனக்கு இல்லைங்க, எங்க அம்மாவுக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்குவார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை. எல்லாருக்கும் பயன்படக்கூடிய கேள்வி என்பதால், இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019இல் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதும் நமக்குத் தெரிந்த செய்திதான். ஆகவே இந்தப் பத்திரிகை போய்ச் சேரும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும்.

தடை போட்டால் தீருமா?

நேரடியான பதில் இதுதான்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும் பெரும்பாலோர் சாக்லெட்டை அளவோடு சாப்பிடலாம். எது, எவ்வளவு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடியோடு தடை போட்ட வீடுகளில் என்ன நடக்கிறது? தாத்தாவின் அலமாரியில், மடித்து வைத்த துணிக்கு அடியில் சாக்லெட் இருக்கும். ஒளித்துச் சாப்பிடுகிறவர் அவசரமாகச் சாப்பிடுவார். அளவு தெரியாது. மருத்துவரிடமும் சொல்ல மாட்டார். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் எண் ஏறியிருந்தால், காரணம் தெரியாத மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டலாம். பிறகு தாத்தா சாக்லெட்டை நிறுத்திவிட்டால், கூட்டிய மருந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும். வெளிப்படையாக இரண்டு துண்டு சாப்பிடுவது இதைவிடப் பாதுகாப்பானது.

கறுப்பா, பாலா, வெள்ளையா?

சாக்லெட்டில் கொக்கோ, கொக்கோ வெண்ணெய், சீனி ஆகியவை முக்கியம். பால் சாக்லெட்டில் பால் மாவும் சேரும். பால் சாக்லெட் 100 கிராமில் ஏறக்குறைய 50 முதல் 55 கிராம் வரை சீனி இருக்கும். ஒரு தேக்கரண்டி சீனி 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், முழுப் பட்டையில் பத்துப் பதினோரு தேக்கரண்டி! வெள்ளைச் சாக்லெட்டில் கொக்கோ வெண்ணெய் மட்டுமே உண்டு, கொக்கோத் தூள் கிடையாது. அதில் சீனி பால் சாக்லெட்டில் உள்ள அளவோ, அதற்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும்.

கறுப்புச் சாக்லெட்டின் உறையில் 70%, 85% என்று போட்டிருப்பார்கள். கொக்கோவும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்த பங்கு அது. மீதியில் பெரும்பகுதி சீனி. எனவே 70% என்றால் 100 கிராமில் சுமார் 30 கிராம் சீனி, 85% என்றால் சுமார் 15 கிராம் என்று மனத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டு சிறு துண்டுகள், அதாவது 20 கிராம் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பால் சாக்லெட்டில் இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல் சீனி போகும். 70% கறுப்பில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். 85 விழுக்காட்டில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். கறுப்பில் கசப்பு இருப்பதால் இரண்டு துண்டோடு கை தானாக நின்றுவிடும் என்பது இன்னொரு வசதி. பழக்கமில்லாதவர்கள் 50 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கறுப்புச் சாக்லெட்டிலும் கொழுப்பு நிறைய உண்டு. 100 கிராமுக்கு 600 கலோரி வரை போகும். சீனி குறைவு என்பதற்காக முழுப் பட்டையையும் முடித்தால், உடல் எடை கூடும். எடை கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

"சீனி இல்லை" என்ற பொறி

மருந்தகத்திலும் பேரங்காடியிலும் "தன்பா கூலா" என்று எழுதிய சாக்லெட்டுகள் இரண்டு மடங்கு விலையில் இருக்கும். பலவற்றில் சீனிக்குப் பதிலாக மால்டிட்டால் சேர்க்கிறார்கள். இது சீனி ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தது. பெயரில்தான் ஆல்கஹால், போதை கிடையாது. சீனியில் ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், இதில் சுமார் 2 கலோரி. சர்க்கரையைச் சீனி அளவுக்கு ஏற்றாது என்பது உண்மை. ஆனாலும் ஏற்றவே ஏற்றாது என்று நினைக்கக் கூடாது. அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரும்.

பிரிட்டனின் நீரிழிவு அமைப்பான டயபட்டீஸ் யூகே, நீரிழிவாளர்களுக்கென்று தனியாக விற்கப்படும் சாக்லெட்டுகளைப் பரிந்துரைப்பதில்லை. விலை அதிகம், கொழுப்பில் குறைவில்லை, தனிப்பட்ட நன்மையும் இல்லை என்பதே காரணம். ஸ்டீவியா, எரித்ரிட்டால் சேர்த்தவை சர்க்கரையை அவ்வளவாக ஏற்றுவதில்லை. ஆனால் அவற்றிலும் கொழுப்பு அப்படியேதான் இருக்கும்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

லங்காவிக்குப் போனால் வரியில்லாத சாக்லெட்டை வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. கூடையில் போடும் முன் உறையைத் திருப்பிப் பாருங்கள்.

முதலில் சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமாக உள்ளதுதான் முதலில் வரும். சீனி முதலிடத்தில் இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சீனிதான். கொக்கோ முதலில் வருவதைத் தேர்ந்தெடுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருந்தால், அது மலிவான கலவைச் சாக்லெட்.

அடுத்து, சத்துப் பட்டியலில் மொத்த மாவுச்சத்தைப் பாருங்கள். சீனி அளவு மட்டும் போதாது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து உண்டு. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் கவனியுங்கள். பிஸ்கட், கேரமல், உலர்ந்த திராட்சை உள்ளே வைத்தவற்றில் மாவுச்சத்து கூடும். பாதாம், முந்திரி வைத்தவை இவ்விஷயத்தில் மேல்.

எப்போது, எவ்வளவு?

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு துண்டு நல்லது. அன்றைக்குச் சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகும். தொலைக்காட்சி முன் பட்டையோடு உட்காராதீர்கள். உடைத்து எடுத்துக்கொண்டு, மீதியை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிடும் முன் ஒரு முறையும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் உடம்பு சொல்வதை அந்த எண் காட்டிவிடும்.

கறுப்புச் சாக்லெட் நீரிழிவைத் தடுக்கும் என்ற செய்தியைப் பலர் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். 2024 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், வாரத்துக்கு ஐந்து முறையாவது கறுப்புச் சாக்லெட் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைவாக இருந்தது. பால் சாக்லெட்டில் அந்த நன்மை காணப்படவில்லை. ஆனால் அது மக்களின் பழக்கத்தைக் கவனித்த ஆய்வு. சாக்லெட்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பற்றியதும் அல்ல. ஆகவே அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கொக்கோவில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். கறுப்பு ஏற ஏற இவையும் ஏறும். டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சர்க்கரை இறங்கினால் சாக்லெட் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதென்றால், இதை வையுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சட்டைப்பையில் சாக்லெட் வைத்திருப்பார்கள். சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். சாக்லெட்டில் உள்ள கொழுப்பு, உணவு இரைப்பையிலிருந்து இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாதாரண நாளில் அது நன்மை, சர்க்கரை மெதுவாக ஏறும். ஆபத்து நேரத்தில் அதே தாமதம் உயிருக்கு உலை வைக்கும்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு இருந்து, அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். அல்லது 150 மில்லிலிட்டர் பழச்சாறு. அக்கார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் மாவு தேவை. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். ஏறியதும் பிஸ்கட்டோ சாப்பாடோ கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். 999க்கு அழையுங்கள். சட்டைப்பையில் சாக்லெட் இருந்த இடத்தில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

தீபாவளிக் கூடைகளில் இனி சாக்லெட் வந்தால், பெரியவர்களிடமிருந்து பிடுங்கி வைக்காதீர்கள். "அம்மா, இந்தாங்க இரண்டு துண்டு, சாப்பிட்ட பிறகு சர்க்கரை பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். துணிக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்காது.