புகலிடமே புறப்பட்ட வேளையில்

நெடுநாள் வாழ்ந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது, சுவரிலிருந்து இயேசுவின் திருவிருதயப் படத்தைக் கழற்றியிருப்பீர்கள். அது இருந்த இடத்தில், நிறம் மங்காத ஒரு சதுரம் தெரியும். அதைக் கண்டு மனம் கலங்காதோர் சிலரே. நம் மண்ணில் எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய சதுரங்களைப் பல ஊர்களின் சுவர்களில் விட்டு வந்திருக்கின்றன.

வீட்டிலேயே இருப்பவரையும் மாற்றம் தேடி வருகின்றது. மகள் மணமாகிச் செல்கின்றாள்; மகன் கடல் கடந்து போகின்றான். ஓய்வு பெற்றவர் காலையில் எங்கே செல்வதென அறியாது விறாந்தையில் அமர்ந்திருக்கின்றார். துணையை இழந்தவர், செபமாலையின் மறுபாதி மன்றாட்டையும் தாமே சொல்லப் பழகுகின்றார். இவ்வேளைகளில் நாம் ஆண்டவரிடம் கேட்பது, எல்லாம் பழையபடி ஆகவேண்டும் என்பதே. அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆயினும், புனித சூசையப்பருக்கு அது அருளப்படவில்லை.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடும்படியும், மறுமொழி கிடைக்கும்வரை அங்கேயே இருக்கும்படியும் கனவில் அவருக்குச் சொல்லப்படுகின்றது. எத்தனை நாள், எங்கே தங்குவது, எதை உண்பது என்று ஒன்றும் கூறப்படவில்லை. அவர் இரவோடிரவாக எழுந்து புறப்பட்டார். அவரிடம் இருந்த ஒரே பாதுகாப்பு அந்தக் குழந்தை. ஏரோதின் வாள் தேடியதும் அதே குழந்தையைத்தான் என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகின்றோம்.

மருதமடுவின் கதையும் ஓர் இரவுப் பயணம் போன்றதே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றன என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று நாம் அடைக்கலம் தேடிச் செல்லும் திருத்தலம், வீடிழந்தோர் அன்று தம் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமையில் தொடங்கியது. பின்னர் 2008 ஏப்ரலில், போர் நெருங்கிய வேளையில், அதே திருச்சொரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. புகலிடமே புறப்பட்டுவிட்டால் நாம் எங்கே போவது என்று அன்று எவரேனும் கலங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால், காட்டு வழியில் பிள்ளைகளோடு நடப்பது அந்த அன்னைக்குப் புதிதன்று.

அவ்வாண்டு ஓகஸ்டில் திருச்சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. வீட்டை விட்டுப் புறப்பட்ட எல்லோரும் அவ்வாறு திரும்பவில்லை. இதை மறைத்து ஆறுதல் சொல்வது பொய்யாகும். விசுவாசம் காப்புறுதிப் பத்திரமன்று. இழந்ததற்கு ஈடு கணக்கிட்டுத் தருவதில்லை. நாம் போகும் இடம் நமக்கு அந்நியமாக இருக்கலாம். அங்கே நமக்கு முன்னரே வந்து காத்திருப்பவர் அந்நியரல்லர். அகதியாக எகிப்தில் வாழ்ந்தவருக்கு அறிமுகமில்லாத வாசல் எது?

ஆகவே, புது வீட்டில் பெட்டிகளை அவிழ்க்குமுன் ஒரு பத்து மணியாவது செபியுங்கள். தூரதேசத்துப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், அவனையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் இசையாவிட்டால், திருவிருதயப் படத்தை ஒரு கதிரைமேல் வையுங்கள். அதன் முன்னும் முழந்தாளிடலாம்.