கழிவுநீர்ப் பாசனம்: உயிர்க்கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

நகராட்சி சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து வெளியேறும் நீர் கோடையிலும் நிற்பதில்லை. கிணறு வற்றிய நேரத்தில் அதுவே பயிரைக் காப்பாற்றும். ஆனால், சுத்திகரித்த பிறகும் அதில் கன உலோகங்கள், மருந்து எச்சங்கள், நோய்க் கிருமிகள் ஓரளவு இருக்கலாம். இவற்றைக் குறைக்க உதவும் எளிய பொருள், பயோசார் எனப்படும் உயிர்க்கரி.

சீமைக்கருவேல விறகு, தேங்காய்ச் சிரட்டை, உமி போன்றவற்றைக் காற்று அதிகம் புகாமல் சுமார் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கருக்கினால் உயிர்க்கரி கிடைக்கும். இதன் நுண்துளைகளிலும் பரப்பிலும் காரீயம், காட்மியம், தாமிரம் போன்றவை ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட் பெரும்பாலும் தங்காமல் நீரோடு வந்துவிடும். அந்தத் தழைச்சத்தைக் கணக்கில் கொண்டு யூரியாவைக் குறைக்கலாம்.

உப்பு நீங்காது

நீரில் கரைந்த உப்பை உயிர்க்கரி நீக்காது. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கே உதவாமல் போனதை அறிவீர்கள். அப்படிப்பட்ட உப்பு நீரைக் கரியால் சரிசெய்ய முடியாது. எனவே, செலவு செய்யும் முன் நீரைப் பரிசோதியுங்கள். மின்கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் உப்பால் பாதிப்பில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. காட்மியம் லிட்டருக்கு 0.01 மில்லி கிராமுக்கு மிகக் கூடாது.

வடிகட்டி அமைக்கும் முறை

பெயின்ட் அடித்த மரம், பிளாஸ்டிக் கலக்காத கரியை உடைத்து, சலித்து, சாம்பல் போகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் நீரின் காரத்தன்மை கூடும். தொட்டியின் அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், கரி, மீண்டும் மணல் என அடுக்குங்கள். நீரை முதலில் வேறொரு தொட்டியில் தெளியவிட்டு, மெதுவாக வடியவிடுங்கள். வேகமாக ஓடும் நீரில் உலோகம் கரியில் பிடிக்காது.

கரி கிருமிகளைக் குறைக்குமே தவிர, முழுவதும் அழிக்காது. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு இந்த நீர் வேண்டாம். பருத்தி, தென்னை, மரப்பயிர்களுக்குச் சொட்டுநீர் முறையில் விடுங்கள். வேலை செய்பவர்கள் கையுறை, காலணி அணிவது அவசியம்.

பழைய கரியை என்ன செய்வது?

உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது புதிய கரிக்குத்தான் பொருந்தும். வடிகட்டியில் இருந்து எடுத்த கரியில், நீரில் இருந்த உலோகமெல்லாம் சேர்ந்திருக்கும். அதை வயலில் கொட்டினால், வாசலில் தடுத்த நஞ்சை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்தது போலாகும். அடுப்பிலும் எரிக்காதீர்கள். மழை படாமல் தனியே வைத்து, அகற்றும் முறையை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கரி நிறைந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. வடிந்த நீர் தெளிவாக இருந்தாலும் உலோகம் இருக்கலாம். எனவே, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் நீர் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் கரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.