உறங்கியும் ஓயாத உடல்

பொழுது புலர்வதற்கு முன்பே விழித்தெழும் ஊர்களுள் காரோடும் ஒன்று. கழக்கூட்டத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலை தமிழக எல்லையை நெருங்கும் இவ்வூரைச் சுற்றி, பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை, தென்னையும் வாழையும் மரச்சீனியும் ரப்பரும் கலந்து நிற்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே பால்வெட்டுத் தொழிலாளர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே தோட்டத்துக்குப் புறப்படுவர்.

அத்தகைய தொழிலாளி ஒருவரை நாம் மனத்தில் எண்ணிப் பார்ப்போம். ஒரு காய்ச்சல் வந்து தணிந்தது. ஆறு மாதம் கடந்தும் பழைய வலிமை திரும்பவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படுப்பவர் காலை ஏழு மணிக்கு எழுகிறார். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தும், இரவெல்லாம் சுமை தூக்கியவர் போல் உடல் கனக்கிறது. இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் தெரியவில்லை. முதலில் பரிவு காட்டிய வீட்டார், நாளடைவில் சோம்பல் என்று சொல்லத் தொடங்குகின்றனர். நோயைவிட அச்சொல்லே அவரை அதிகம் வருத்துகிறது.

சோம்பலன்று, நோய்

இந்நிலைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: நாட்பட்ட சோர்வு நோய்க்குறி. 1955ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஊழியர் ஏறத்தாழ முந்நூறு பேர் ஒருவர்பின் ஒருவராக நோயுற்று, மருத்துவமனையே சில மாதங்கள் மூடப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின் இதன் ஆய்வு விரிவடைந்தது. ஆயினும் நோயாளரின் சொல்லை ஐயுறும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

2015ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் வல்லுநர் குழு இந்நோயை அறிவதற்கான அளவுகோல்களை வகுத்தது. முன்பு இயல்பாகச் செய்த வேலைகளைச் செய்ய இயலாத அளவுக்குச் சோர்வு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தல். சிறிய உழைப்புக்குப் பின்னும் உடல்நிலை மோசமடைதல். உறங்கி எழுந்தும் புத்துணர்வு பெறாமை ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். இவற்றோடு, நினைவும் கவனமும் மங்குதல், நிமிர்ந்து நிற்கும்போது தலைசுற்றல் முதலிய தொல்லைகள் மிகுதல் என்னும் இரண்டில் ஒன்றேனும் காணப்பட வேண்டும். உறக்கக் குறை இந்நோயின் ஓரத்தில் நிற்பதன்று. அதன் நடுவிலேயே இருப்பது.

நம் மண்ணில் இதன் சாயல்

பல நோயாளருக்கு இத்துன்பம் ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பின்னரே தொடங்குகிறது. 2006, 2007 ஆண்டுகளில் கேரளத்தைச் சிக்கன்குனியா வாட்டியது. ரப்பர் தோட்டங்களில் பால் சேகரிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீர் கொசுக்களுக்கு வாழிடமாயிற்று. காய்ச்சல் நீங்கியும் மூட்டுவலியும் அயர்ச்சியும் பலரை மாதக்கணக்கில் விட்டு நீங்கவில்லை. கோவிட் பரவிய பின் இதே முறையீடு உலகெங்கும் எழுந்தது. அதன் பின்விளைவுகளைக் கவனிக்கக் கேரள அரசு 2020இன் இறுதியில் தனிச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கியது.

எனினும் நெடுநாள் சோர்வு அனைத்தும் இந்நோய் ஆகாது. கோவாவில் ஏறத்தாழ 2500 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குப் பன்னிருவர் ஆறு மாதத்துக்கும் குறையாத சோர்வைத் தெரிவித்தனர். இரத்தசோகையே காரணமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஹீமோகுளோபின் அளவோடு அச்சோர்வு தொடர்புறவில்லை. வறுமையோடும் மனத்துயரோடும் தொடர்புற்றிருந்தது. எனவே காரணத்தை நாமே முடிவு செய்துகொள்வது தவறு.

உறக்கம் பிழைபடும் வழிகள்

சிலருக்குப் படுத்து நெடுநேரமாகியும் கண் அயர்வதில்லை. சிலர் நள்ளிரவில் பலமுறை விழிக்கின்றனர். நோயின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு மிஞ்சி உறங்குவோரும் உளர். சிலருக்கு இரவும் பகலும் இடம் மாறிவிடுகின்றன. உறக்கத்தை இரவு முழுவதும் கருவிகளால் பதிவு செய்து பார்த்தாலும், எல்லா நோயாளருக்கும் பொதுவான ஒரே குறை தென்படுவதில்லை. பதிவு இயல்பாக இருப்பதால் நோயாளி பொய் சொல்கிறார் என்று கொள்ளலாகாது.

அப்படியாயின் பரிசோதனை எதற்கு? குணப்படுத்தக்கூடிய வேறு நோய்களை விலக்கி அறிவதற்கே. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, நீரிழிவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் தரலாம். உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று மீளுமானால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் தொல்லையையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உறக்கக் கோளாறுகளுக்கெனத் தனி மையம் இயங்குகிறது.

இருப்பறிந்து செலவிடுதல்

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. ஆனால் துன்பத்தைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. உடலின் ஆற்றலை ஓர் இருப்பாகக் கொள்வோம். நலமுள்ளவருக்கு ஓரிரவு உறக்கம் அந்த இருப்பை நிரப்பிவிடுகிறது. இந்நோயாளருக்கு அவ்வாறு நிரம்புவதில்லை. சற்றே நலமான நாளில் தேங்கிய வேலைகளையெல்லாம் முடிக்க முனைந்தால் அது மிகைப்பற்று ஆகிவிடும். அதன் வட்டி மறுநாளோ அதற்கடுத்த நாளோ பல நாள் படுக்கையாக வந்து சேரும். ஆகவே வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, களைப்பு வருமுன்னரே ஓய்வு கொள்வது நன்று. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் குணமாகும் என்ற பழைய அறிவுரையை, பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2021இல் கைவிட்டதும் இக்காரணம் பற்றியே.

உறக்கத்துக்கும் சில ஒழுங்குகள் துணைபுரியும். எப்போது படுத்தாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுதல், காலை வெளிச்சம் உடலில் படுதல், பகலுறக்கம் இரவைக் கெடுக்குமானால் அதைச் சுருக்குதல், மாலைக்குப் பின் கட்டன் சாயாவையும் கைப்பேசியையும் தவிர்த்தல் ஆகியன அவை. இவற்றால் உறக்கம் சீர்படலாம், நோய் தீராது. பிறருக்கு எழுதித்தந்த தூக்க மாத்திரையைத் தாமே விழுங்குவது ஆபத்து.

நாம் செய்யக்கூடியது

வரிசையில் நின்றாலே தளர்ந்துவிடும் ஒருவருக்கு, வங்கிக்கு வந்து போவதும் ஒரு நாளின் ஆற்றல் முழுவதையும் செலவிடுவதாகும். எழுபது வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமன்றி, மருத்துவச் சான்று பெற்ற நாட்பட்ட நோயாளருக்கும், பணம் பெறுதல், செலுத்துதல் போன்ற அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே வழங்க முயலுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நம் வீட்டில் அத்தகையோர் இருப்பின், மருத்துவச் சான்றுடன் கிளையை அணுகிக் கேட்டறியலாம்.

அதற்கும் மேலான உதவி ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. விடிந்தபின்னும் எழ இயலாதவரை நோக்கி, “இவ்வளவு நேரம் உறங்கினாயே?” என்று கேளாமல், “இன்று உன்னால் எவ்வளவு முடியும்?” என்று கேட்போம். தம்மை வீட்டார் நம்புகின்றனர் என்று உணர்பவர், இல்லாத வலிமையைக் காட்ட முயன்று மேலும் நோயுற மாட்டார்.