காட்டு வான்கோழிக்காக மரம் நடுவோர்

நத்தார் நெருங்கும் நாட்களில் எமது ஊர் வளவுகள் சிலவற்றில் வான்கோழி நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். சிறகை விரித்து, கழுத்துச் சிவந்து, வருவோர் போவோரை மறித்து நிற்கும் அந்தப் பறவையின் பூர்வீகம் எமது நாடல்ல. மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அதைப் பழக்கி வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதன் காட்டு இனம் இன்றும் வட அமெரிக்காவின் காடுகளில் வாழ்கிறது. அந்தக் காட்டு வான்கோழிக்காக அங்குள்ள கமக்காரரும் காணிச் சொந்தக்காரரும் மரம் நடுகிறார்கள்.

ஒரு கோழிக்காக மரம் நடுவதா என்று சிரித்துவிட வேண்டாம். அவர்கள் தவறுவிட்டுத் திருந்திய வரலாறு, மரம் நடும் எவரும் கேட்கவேண்டிய ஒன்று என்பதனாலேயே அதை இங்கு எடுத்துக்கொண்டோம்.

ஐரோப்பியர் குடியேறிய பின்னர் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் காடுகள் வெட்டப்பட்டு வயல்களாயின. பறவையும் கணக்கின்றி வேட்டையாடப்பட்டது. மசாசுசெற்ஸ் மாநிலத்தில் கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் சுடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது, முன்னர் அது வாழ்ந்த பல மாநிலங்களில் அதன் சுவடே இருக்கவில்லை. காட்டுக்கும் ஒரு பேரிடி விழுந்தது. 1904இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பங்கசு நோய், ஐம்பது ஆண்டுகளுக்குள் 300 கோடிக்கும் அதிகமான அமெரிக்கச் செஸ்நட் மரங்களை அழித்தது. நம்பிக்கையாகக் கொட்டை சொரிந்து வந்த மரம் அது. அதன் பின்னர் வான்கோழியின் மாரிகால உணவுக்கு ஓக் மரமே பெருந்துணையாயிற்று. ஓக் மரமோ ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு கைவிட்டுவிடும்.

பறவையை மீட்க முதலில் கூட்டில் வளர்த்த வான்கோழிகளையே காட்டில் விட்டார்கள். அவை பிழைக்கவில்லை. நரியைக் கண்டு ஓடவும், பருந்தின் நிழலுக்குப் பதுங்கவும் அவற்றுக்குத் தாய் எதுவும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. பின்னர், எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறிடங்களுக்குக் கொண்டு சென்றார்கள். மசாசுசெற்ஸில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை 37 பறவைகள் மட்டுமே. இன்று அங்கு 25,000க்கும் மேல் உள்ளன. இம்முயற்சிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு, 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி துப்பாக்கிக்கும் ரவைக்கும் விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது. சுட்டவர்களே பணமும் கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பறவை மீண்டு வந்த இடங்களிலெல்லாம் அதற்கேற்ற காடும் இருந்தது. காணியில் அது நிலைக்க என்ன வேண்டும் என்பதை அறிய, அதன் வாழ்க்கையைக் கவனிக்க வேண்டும்.

இரவில் அது உயர்ந்த மரங்களின் கிடையான கிளைகளில் தங்கும். மரம் குறைந்த ரெக்சாஸ் பகுதிகளில் மின்கம்பிக் கோபுரங்களில்கூட ஏறித் தங்குகிறது. ஆற்றோரத்துப் பெரிய மரங்களை வெட்டாமல் விடுவது அங்கு எந்த நடுகையிலும் மேலானது. முட்டையிடுவதோ நிலத்தில். தாழ்ந்த பற்றைக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, ஏறக்குறைய 28 நாட்கள் பேடு அடைகாக்கும். முட்டை தின்ன ரக்கூனும் பாம்பும் காகமும் காத்திருக்கும். எனவே அடர்ந்த பற்றை வேண்டும்.

குஞ்சு பொரித்த பின்னர் தேவை மாறிவிடுகிறது. முதல் இரண்டு வாரங்கள் குஞ்சுகளால் மரத்துக்குப் பறக்க முடியாது. இரவில் தாயின் சிறகுக்கடியில் நிலத்திலேயே கிடக்கும். அந்நாட்களில் அவற்றின் உணவு பெரும்பாலும் பூச்சி, புழு, வெட்டுக்கிளிதான். இவை காட்டின் நிழலில் அல்ல, வெயில்படும் புல்வெளியிலேயே நிறைய உண்டு. ஆனால் புல் குஞ்சு நுழைந்து ஓடக்கூடியதாகவும், மேலிருந்து பார்க்கும் பருந்துக்கு மறைப்பாகவும் இருக்க வேண்டும். நாட்டுக்கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் திரியும்போது பருந்து வட்டமிட்டால் நடப்பதைக் கண்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மேய்ச்சலுக்கென ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பெஸ்கியூப் புல் பாய்போல அடர்ந்து வளர்வதால் குஞ்சு அதற்குள் நடக்க முடிவதில்லை.

ஆகவே, காணி முழுவதும் மரத்தை நெருக்கி நட்டவர்கள் பறவைக்கு நன்மை செய்யவில்லை. காட்டுக்கு நடுவே புல்திடல் ஒன்றை வெறுமையாக விட்டு, அதன் ஓரத்தில் பற்றைகளையும், பற்றைகளுக்குப் பின்னால் மரங்களையும் நடுவதே இன்று அங்கு சொல்லப்படும் முறை. புல்திடலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுப்பாடாகத் தீவைத்தோ வெட்டியோ திறந்தபடி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் விட்ட பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. ஓக் மரம் காய்க்க இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். பனைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் பாரம் தெரியும். காத்திருக்க மனமில்லாமல், விரைவாகப் பழம் தரும் பற்றைகளை ஆசியாவிலிருந்து எடுத்தார்கள். பல பூ ரோசா என்ற முட்செடியை உயிர்வேலியாக நடும்படி 1930களில் அரசாங்கத் திணைக்களமே கன்று கொடுத்தது. ஓட்டம் ஒலிவ் என்ற மற்றொரு பற்றை, வறிய மண்ணிலும் வளர்ந்து, காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்த்து, கிளை முறியச் சிவந்த பழம் காய்த்தது. பறவைகள் விரும்பித் தின்றன. விதையையும் எங்கும் எச்சமாக இட்டன. சில பத்து ஆண்டுகளில் மேய்ச்சல் தரைகளும் காட்டோரங்களும் இவற்றால் மூடுண்டு, குஞ்சு மேயும் வெளிகளே மறைந்தன. பல மாநிலங்கள் இவற்றை இப்போது தீய களைகளாகக் கொள்கின்றன.

நாம் இதை ஏளனமாகக் கூறவில்லை. உவர் நிலத்தைத் திருத்தவென்று 1950களில் அம்பாந்தோட்டைக்குக் கொண்டுவந்த சீமைக் கருவேலம் புந்தல தேசிய பூங்காவில் என்ன செய்திருக்கிறது என்பதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது அங்கு நடப்படுபவை பெரும்பாலும் அந்த மண்ணின் மரங்களே. வெள்ளை ஓக் இனங்களின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றும், கசப்புக் குறைவு, விழுந்தவுடன் முளைக்கும். சிவப்பு ஓக் இனங்களுக்கு இரண்டு பருவம் வேண்டும். கசப்பு அதிகமானாலும் கொட்டை மாரி முழுவதும் நிலத்தில் கிடக்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றது காய்க்கலாம் என்பதால் இரண்டையும் கலந்து நடுகிறார்கள். ஓரங்களில் டொக்வூட், காட்டு அப்பிள், காட்டுத் திராட்சை ஆகியவற்றுக்கு இடமுண்டு. பனி கொட்டும் வடக்கில் சுமாக் பற்றையின் பழக்கொத்து பனிக்கு மேலே நிற்பதால் பட்டினிக் காலத்தில் உதவுகிறது.

கொட்டையை நடுமுன் ஒரு வாளித் தண்ணீரில் போடுகிறார்கள். மிதப்பவை பெரும்பாலும் வண்டு துளைத்தவை, அவை கழிக்கப்படும். அமிழ்ந்தவற்றில் வெள்ளை ஓக்கை இலையுதிர் காலத்திலேயே நடவேண்டும். சிவப்பு ஓக்கை அப்போதே நடலாம், அல்லது ஈரமாகக் குளிரில் வைத்து வசந்தத்தில் நடலாம். அணில் தோண்டாதபடி மேலே கம்பிவலை போடுவர். எமது கன்றுகளை ஆட்டிடமிருந்து காக்க நாம் முட்கிளை கட்டுவதுபோல, அவர்கள் மானிடமிருந்து காக்க ஒவ்வொரு கன்றுக்கும் ஆளுயர பிளாஸ்ரிக் குழாய் போடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்றைச் சுற்றி மூன்றடிக்குப் புல் வளரவிடக்கூடாது. அதைச் செய்யாதவர்களின் கன்றுகளே பெரும்பாலும் பட்டுப்போகின்றன.

வயதானவர்கள் செய்வது இன்னொன்று. காணியில் ஏற்கெனவே நிற்கும் ஓக் மரமொன்றை நெருக்கிக்கொண்டு நிற்கும் வேற்று மரங்களை வெட்டி, அதன் முடிக்கு வெயில் விடுகிறார்கள். இருபது ஆண்டு காத்திராமல் சில ஆண்டுகளிலேயே அந்த மரம் முன்னரிலும் கூடுதலாகக் காய்க்கத் தொடங்கும். ஓட்டம் ஒலிவ் பரவிய காணிகளில் வேலை கடினமானது. வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வெட்டிய கட்டைக்கு உடனே மருந்து பூசி, மண்ணில் கிடக்கும் விதை முளைக்க முளைக்கப் பிடுங்கி, அந்த இடத்தில் டொக்வூட் கன்றுகளை ஒவ்வொன்றாக வைத்து வருகிறார்கள்.